கொள்ளிடத்தில் கதவணை கட்டுகிறோம், மீன் ஏற வழி விடுகிறோமா?

கொள்ளிடக்கரையான்:

எல்லோருக்கும் வணக்கம். கீழணைக்குக் கிழக்கே கொள்ளிடக் கரையோர ஊர் எனக்கு. வீட்டில் நெல்லும் உண்டு, ஆற்று மீன்பிடியும் உண்டு. அதனால் இந்த விஷயத்தில் ஒரு பக்கம் மட்டும் நின்று பேச எனக்கு வராது.

மேட்டூர் நிரம்பி உபரி நீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடும் நாட்களில் கீழணை இருக்கும் அணைக்கரைப் பாலத்தடியில் போய்ப் பாருங்கள். ஷட்டருக்குக் கீழே தண்ணீர் நுரைத்துக்கொண்டு விழும் இடத்தில் மீன் முட்டி முட்டித் திரும்பும். ஓரச் சுவரை ஒட்டிச் சுழி விழும் மூலையில் கெண்டையும் கெளுத்தியும் அடைந்து கிடக்கும். புதுத் தண்ணீர் வாசம் பிடித்து முட்டையிட மேலே ஏற வந்தவை. வழியில்லாமல் நிற்கிற இடத்தில்தான் வீச்சு வலைக்காரர்களும் வரிசையாக நிற்பார்கள். ஷட்டரை இறக்கிய பிறகு கல் தளத்துக் குழிகளில் மாட்டிக்கொண்டதைக் கூடையில் அள்ளுவார்கள். அறுத்தால் வயிறு முழுக்கச் சினை.

உல்லம் என்று ஒரு மீன் கடலிலிருந்து இந்த ஆற்றில் ஏறிவந்ததாக வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் வலையில் அது வந்ததில்லை.

2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் ஒன்பது ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போனதும் அங்கே புதிய கதவணை வந்தது. கீழே ஆதனூர்-குமாரமங்கலத்தில் கடல்நீர் உள்ளே வராமலிருக்க 2014-இல் அறிவித்த கதவணை. இரண்டும் தேவைதான். ஆனால் எங்கள் பக்கம் நடந்த எந்தக் கூட்டத்திலும் மீன் எந்த வழியாகப் போகும் என்று ஒருவர்கூடக் கேட்டு நான் பார்க்கவில்லை. இத்தனை கோடி போட்டுக் கட்டும்போது மீனுக்கு ஒரு வழி கேட்பது அதிகப்படியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:

நண்பரே, நான் பொதுப்பணித் துறையில் இருந்தவன். உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் கொள்ளிடத்தின் இயல்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அது வெள்ள வடிகால். காவிரியில் முறைப்பாசனத் தண்ணீர் ஓடும். கொள்ளிடத்தில் மிச்சம் வந்தால்தான் ஓடும். வருடத்தில் பல மாதம் மணல்தான் தெரியும். மீன் அணையைத் தாண்டி ஏறப் படி போலக் கட்டும் மீன் ஏணியை வைத்தால்கூட அதில் விடத் தண்ணீர் எங்கே? மேட்டூரை நம்பி 16 லட்சம் ஏக்கர் இருக்கிறது. கீழணையை நம்பி வீராணம் இருக்கிறது, வீராணத்தை நம்பிச் சென்னைக் குடிநீர் இருக்கிறது. இவற்றுக்கு அடுத்துத்தான் மற்றதெல்லாம் என்று நினைத்தே நாங்கள் வேலை செய்தோம்.

மீன்வளம் படித்தவள்:

கரையான் அண்ணா, இந்த இழையைத் தொடங்கியதற்கு நன்றி. உல்லத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வங்காளிகள் இலிஷ் என்றும் கோதாவரிக்காரர்கள் புலச என்றும் கொண்டாடும் அதே மீன்தான் நம் உல்லம். கடலில் வளர்ந்து, ஆற்றில் வெள்ளம் வரும்போது நன்னீருக்கு ஏறி முட்டையிடும். பெரிய பெண் மீன் ஒன்று பத்து இருபது லட்சம் முட்டை வரை இடும். குஞ்சுகள் சில மாதம் ஆற்றிலேயே வளர்ந்து பிறகு கடலுக்கு இறங்கும். பசிபிக் சால்மனைப் போல ஒருமுறை முட்டையிட்டுச் செத்துப்போகும் இனம் கிடையாது. தாய் மீனும் கடலுக்குத் திரும்பி மறுபடி வரும். ஆகவே ஏற வழி மட்டும் போதாது, இறங்கவும் வழி வேண்டும்.

காவிரியில் இது கட்டுக்கதையில்லை. மீனியல் ஆய்வாளர் பிரான்சிஸ் டே 1873-லேயே, தென்னிந்திய அணைக்கட்டுகள் உல்லத்தின் வழியை மறிக்கின்றன என்று அரசுக்கு எழுதினார். மேலணையும் கீழணையும் கட்டி அப்போது நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை. 1909 வாக்கில் சென்னை மாகாண மீன்வள நிபுணர் எச்.சி. வில்சன் கொள்ளிடத்தில்தான் உல்லத்தின் சினையைச் செயற்கையாகப் பொரிக்க வைத்துப் பார்த்தார். இந்தியாவில் அந்த மீனுக்கு நடந்த முதல் முயற்சி அது. அந்த அளவுக்கு இங்கே உல்லம் இருந்திருக்கிறது. 1934-இல் மேட்டூர் வந்து வெள்ளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டதும் காவிரி உல்லம் சரிந்தது. மீன் மேட்டூர்ச் சுவரில் முட்டியதால் மட்டும் வந்த சரிவில்லை இது. ஆடியில் நுங்கும் நுரையுமாகக் கடல் வரை போய் ‘வா’ என்று கூப்பிட்ட செந்தண்ணீர் நின்றுபோனதுதான் பெரிய அடி.

கங்கையில் இதே கதை 1975-க்குப் பிறகு நடந்தது. ஃபராக்காவில் 109 மதகுகளோடு இரண்டே கால் கிலோமீட்டர் நீளத்துக்குத் தடுப்பணை. அதற்கு முன் அலகாபாத்தையும் தாண்டி ஏறிய மீன், பிறகு அணைக்குக் கீழேயே நின்றுவிட்டது. மேலே உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் அதை நம்பியிருந்த ஆற்று மீனவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். இப்போது பாரக்பூர் உள்நாட்டு மீன்வள ஆய்வு நிறுவனத்தார் அணைக்குக் கீழே பிடித்த மீனை மேலே கொண்டுபோய் விடுகிறார்கள், சிலவற்றுக்கு அடையாளம் கட்டியும் விடுகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் மனிதன் தூக்கிக்கொண்டு போய் விட்டால்தான் மீன் மேலே போகும் என்ற நிலை எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

உல்லம் மட்டுமில்லை. விலாங்கு நேர் எதிர்: நடுக்கடலில் பிறந்து, கண்ணாடி நூல் போன்ற குஞ்சாக ஆற்றில் ஏறி, பல ஆண்டு வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே போகும். கொடுவாயும் உப்புத் தண்ணீரில் முட்டையிட்டு, குஞ்சு கழிமுகத்துக்கும் நன்னீருக்கும் வரும் இனம். பெரிய நன்னீர் இறாலின் குஞ்சுக்கு உவர்நீர் வேண்டும். கழிமுகத்துக்குப் பக்கத்தில் கதவணை வந்தால் முதலில் அடிபடுவது இவைதான்.

டாக்காவில் திருப்பூர்க்காரன்:

நான் இங்கே கார்மெண்ட் லைனில் இருக்கேன். இலிஷ் விஷயத்தில் இவங்க செய்ததை நேரில் பார்க்கிறதால எழுதறேன்.

அக்டோபர் பௌர்ணமியை ஒட்டி 22 நாள் நாடு முழுக்க இலிஷ் பிடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, லாரியில ஏத்தக் கூடாது. முட்டையிட ஆத்துக்குள்ள ஏறுற நாட்கள் அவை. மார்க்கெட்ல எப்பவும் வெள்ளியாட்டம் அடுக்கி வச்சிருக்கிற மேடை அன்னைக்குக் காலியா இருக்கும். அதே கடைக்காரர் குளத்து மீன் வித்துட்டு இருப்பார். நவம்பர்ல இருந்து ஜூன் வரைக்கும் 25 சென்டிமீட்டருக்குக் குறைஞ்ச குஞ்சைத் தொடக் கூடாது. அதுக்கு ஜாட்கான்னு பேர். ஆத்துல ஆறு இடங்களைக் காப்பிடமா ஒதுக்கியிருக்காங்க.

வெறும் தடை போட்டிருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. தடை நாள்ல பதிவு பண்ணின மீனவக் குடும்பத்துக்கு 25 கிலோ அரிசி, குஞ்சு சீசன்ல நாலு மாசம் மாசம் 40 கிலோ. அரிசி சரியா வந்து சேரலை, பணம்தான் வேணும்னு நிறைய மீனவங்க கோபப்படறதையும் கேட்டிருக்கேன். ராத்திரி திருட்டுத்தனமா வலை போடுறதும் நடக்குது. ஆனாலும் 2002-03-ல 2 லட்சம் டன்னா இருந்த பிடிப்பு 2018-19-ல 5 லட்சத்தைத் தாண்டிச்சு. இப்ப சமீபமா மறுபடி கொஞ்சம் இறங்கியிருக்கு. ஆத்துவாய்ல மணல்மேடு, தண்ணி கெட்டுப்போறதுன்னு காரணம் சொல்றாங்க.

நம்ம ஊர்ல ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடை இருக்கே, அது கடல் விசைப்படகுக்கு. ஆத்துல மீன் ஏறுற மாசத்துக்கு என்ன தடை இருக்கு?

கொள்ளிடக்கரையான்:

எங்கள் பக்கம் யாரும் வந்து தடுத்து நான் பார்த்ததில்லை. முகத்துவாரத்தில் கரைக்குக் கரை அடைப்பு வலை கட்டுகிறவர்களையும் பார்க்கிறேன். கொசுவலைக் கண்ணில் குஞ்சை வாரிக் கருவாட்டுக்குக்கூட ஆகாமல் கோழித் தீவனத்துக்குப் போடுவதையும் பார்க்கிறேன். பழையாறு பக்கத்துப் பெரியவர்கள் அதைக் கண்டிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒருத்தன் நிறுத்தினால் அடுத்தவன் அள்ளிக்கொள்வான் என்ற பேச்சில் அது அடிபட்டுப் போகிறது.

ஓய்வுபெற்ற பொறியாளர்:

தங்கை எழுதிய வரலாறு பயனுள்ளது. ஒன்று கேட்கிறேன். அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பொறியாளர்களும் தென்னிந்திய அணைக்கட்டுகளில் மீன் ஏணி வைத்துப் பார்த்தார்கள். உல்லம் அதில் ஏறவில்லை என்பதுதான் பதிவு. திரும்பவும் அதையே கட்டச் சொன்னால் துறையில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதற்கு என்ன பதில்?

மீன்வளம் படித்தவள்:

சரியான இடத்தில் கேட்டீர்கள் சார். அன்று வைத்தது சால்மனுக்காக ஐரோப்பாவில் உருவான படிக்கட்டு மாதிரி. தொட்டிக்குத் தொட்டி துள்ளி ஏற வேண்டும். உல்லம் துள்ளாது. கூட்டமாக, நீரோட்டத்தோடு மல்லுக்கட்டி நீந்தும். தண்ணீர் கொந்தளித்துக் குமிழி விட்டால் மிரண்டு ஒதுங்கும். அதனால் அதற்குப் படிக்கட்டு சரிவராது.

உல்லத்தின் தாயாதி இனம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது, ஷேட் என்பார்கள். அதுவும் கடலிலிருந்து ஆறேறும், அதுவும் துள்ளாது. கனெக்டிகட் ஆற்றில் ஹோலியோக் அணையில் 1955 முதல் மீனுக்கு லிப்ட் ஓடுகிறது. இழுக்கும் நீரோட்டம் விட்டு மீனை ஒரு தொட்டிக்குள் கூட்டி, தொட்டியோடு தூக்கி மேலே விடுகிறார்கள். 1992-இல் மட்டும் 7 லட்சத்துக்கு மேல் ஷேட் ஏறியது. இன்னொரு வகை, மேலிருந்து கீழ் வரை செங்குத்தாகப் பிளவு விட்ட தடுப்புச் சுவர்கள். நீர்மட்டம் ஏறி இறங்கினாலும் மீன் எந்த ஆழத்திலும் நுழைந்து போகலாம். உயரம் குறைந்த கதவணைக்கு இன்னும் எளிய வழி, கரையோரமாகக் கல் பரப்பிச் சாய்வாக ஒரு கிளை ஓடை வெட்டுவது. பார்க்க இயற்கை வாய்க்கால் போலவே இருக்கும், நீர்ப்பூச்சி முதல் பெரிய மீன் வரை எல்லாம் ஏறும்.

விலாங்குக் குஞ்சுக்கு அதுகூட வேண்டாம். ஈரமான சொரசொரப்புத் தளம் கிடைத்தால் சுவரிலேயே ஊர்ந்து ஏறும். ஐரோப்பாவில் தூரிகை நார் பதித்த சரிவுப் பலகையைச் சுவரில் சாய்த்து, மேலிருந்து தண்ணீரைக் கசியவிடுகிறார்கள். மொத்தச் செலவில் அது தூசு.

நமக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. கீழணையிலும் கொள்ளிடக் கதவணைகளிலும் மின்சார டர்பைன் கிடையாது. வெளிநாட்டில் மீன் கடலுக்கு இறங்கும்போது டர்பைனில் அறுபடுவதுதான் பெருந்தலைவலி. நமக்கு ஷட்டரை எப்போது, எவ்வளவு தூக்குவது என்பது மட்டுமே கேள்வி.

சியாட்டில் சீர்காழி:

சொந்த ஊர் சீர்காழி, இப்போது இருப்பது வாஷிங்டன் மாநிலம். பக்கத்திலே எல்வா ஆறு. 1913-லும் 1927-லும் கட்டிய இரண்டு அணைகள், மீன் ஏற ஒரு வழியும் வைக்காமல். லோயர் எல்வா கிளாலம் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போராடினார்கள். 2011 செப்டம்பரில் இடிக்கத் தொடங்கி 2014-இல் முடித்தார்கள். நூறு வருட வண்டல் ஒரே மூச்சில் இறங்கி ஆறு சேறாக ஓடியது, கழிமுகத்தில் புது மணல் கரையே உருவானது. மீன் திரும்பி வந்தது. ஆனால் உடனே வலை போட்டுவிடவில்லை. பல ஆண்டுகள் ஒருவரும் பிடிக்காமல் இருந்து, 2023-இல்தான் பழங்குடியினர் கோஹோ சால்மனில் சிறு அளவு பிடித்தார்கள்.

2024-இல் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை எடுத்து முடித்தார்கள். அதே அக்டோபரில் சினூக் சால்மன் அணைகள் இருந்த இடத்தைத் தாண்டி ஆரிகன் மாநிலத்துக்குள் ஏறிவிட்டது. வழி திறந்தால் மீன் காத்திருக்காது.

டெல்டா விவசாயி:

அணையை இடிக்கிற கதையெல்லாம் இங்கே வேண்டாம் சார். எங்க ஊர் கொள்ளிடம் ஒன்றியத்தில் கடைமடை. போர் போட்டால் உப்புத் தண்ணி வருது. கோடையில் கடல் ஆத்துக்குள்ளே ஏறி வந்து, மாடு குடிக்கக்கூட ஆகாத தண்ணியா நிக்குது. கதவணை கேட்டு எத்தனை மறியல், எத்தனை மனு. இப்போ மீனுக்காக ஷட்டரைத் திறந்து வைங்கன்னு யாராவது கேட்டா நான்தான் முதல் ஆளா எதிர்ப்பேன். மீன் போச்சுன்னு வருத்தம் எனக்கும் இருக்கு. நிலம் போச்சுன்னா ஊரே காலி.

சியாட்டில் சீர்காழி:

அண்ணா, மேட்டூரையோ கீழணையையோ இடிக்க நான் சொல்லவே இல்லை. எல்வா அணைகள் ஒரு காகித ஆலைக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தவை, அவற்றுக்கு மாற்று இருந்தது. நம் அணைக்கட்டுக்கு மாற்று இல்லை. வழி கிடைத்தால் மீன் எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்பதற்குத்தான் அதைச் சொன்னேன்.

வேம்பநாட்டு வாசகன்:

டெல்டா விவசாயி ஐயாவின் பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது. நான் பல வருடமாகக் கேரளத்துக் குமரகத்தில் இருக்கிறேன். கதவணை, உப்பு, நெல், மீன் என்ற இதே வழக்கு இங்கே ஐம்பது வருடமாக நடக்கிறது.

குட்டநாட்டு நெல்லை உப்பிலிருந்து காக்க 1970-களில் தண்ணீர்முக்கத்தில் வேம்பநாட்டு ஏரிக்குக் குறுக்கே தடுப்பு கட்டினார்கள். கோடை மாதங்களில் ஷட்டரை மூடுவார்கள். நெல் பிழைத்தது, இரண்டாம் போகமும் வந்தது. ஆனால் ஆற்றுக்கொஞ்சு என்று இங்கே சொல்லும் பெரிய நன்னீர் இறால் சரிந்தது. உவர்நீரில் பொரித்த குஞ்சு மேலே வர வேண்டிய நேரத்தில் கதவு மூடியிருக்கிறது. தடுப்புக்குத் தெற்கே தண்ணீர் தேங்கி, ஆகாயத்தாமரை மண்டி, உரமும் பூச்சிமருந்தும் அங்கேயே நின்றன. உப்பு ஏறினால்தான் அந்தக் களை சாகும். உப்பை முழுசாக நிறுத்தியதில் விவசாயிக்கும் கேடு வந்தது.

இப்போது ஒவ்வொரு வருடமும் எந்தத் தேதியில் மூடுவது, எப்போது திறப்பது என்று விவசாயிகளும் மீனவர்களும் மல்லுக்கட்டுகிறார்கள். விதைப்பு தள்ளிப்போனால் திறப்பும் தள்ளிப்போகிறது. கட்டுவதற்கு முன்பே தேதியைப் பேசி எழுதி வைத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

மட்டுநகர்:

நான் மட்டக்களப்பு. எங்கட வாவிக்கும் இதே கதைதான். மாரியில வெள்ளம் வந்தா வயல் தாழும், மணல் மூடின முகத்துவாரத்தை வெட்டச் சொல்லி விவசாயிகள் கேப்பினம். அவசரப்பட்டு வெட்டினா வாவித் தண்ணி ஒரேயடியா வடிஞ்சு மீனும் றாலும் போயிடும் எண்டு தோணிக்காரர் மறிப்பினம். வெட்டாமல் விட்டா கடல்ல இருந்து குஞ்சு உள்ள வராது. ரெண்டு பக்கத்தையும் ஒரு மேசையில இருத்திக் கதைச்சுத்தான் நாள் குறிக்க வேணும். தனியக் கச்சேரியில, அதாவது அரசாங்க அலுவலகத்தில, இருந்து முடிவெடுத்த வருசங்களில பிரச்சினைதான் மிஞ்சினது.

கொள்ளிடக்கரையான்:

விவசாயி அண்ணே, நீங்கள் சொல்வதை என் வீட்டிலேயே தினமும் கேட்கிறேன். உப்பு ஏறும் கோடையில் கதவைத் திறக்க நானும் கேட்கவில்லை. மீன் ஏறுவது கோடையில் இல்லை. தண்ணீர் பெருகும் ஆடி, ஆவணியிலும் பிறகு ஐப்பசி, கார்த்திகையிலும்தான். அப்போது கடல் உள்ளே வர வாய்ப்பே கிடையாது, ஆறுதான் கடலைத் தள்ளிக்கொண்டிருக்கும். 2022-லும் 2024-லும் மேட்டூர் ஜூலையிலேயே 120 அடியைத் தொட்டது. அத்தனை உபரியும் எப்படியும் கடலுக்குப் போன தண்ணீர். அந்த நாட்களில் ஷட்டரை இயக்கும் முறையை மாற்றினால் ஒரு மரக்கால் நெல்லுக்கும் நட்டமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மணல். ஆற்றில் மடு இருந்தால்தான் தண்ணீர் வற்றிய மாதங்களில் மீன் பிழைக்கும். ஆளுயரத்துக்கு மேல் ஆழமான மடுக்களில் சித்திரையிலும் விரால் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். கண்ட இடத்தில் மணல் அள்ளியதில் பழைய மடு தூர்ந்து, களிமண் தெரியும் பள்ளங்கள் மிஞ்சின. அந்தப் பள்ளத்தில் ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும்தான் பெருகுகின்றன. மேலே வழியை மட்டும் திறந்து, தங்க இடமில்லாமல் செய்தால் ஏறிய மீன் எங்கே முட்டையிடும்? ரோகு, கட்லா குஞ்சைக் கொண்டுவந்து ஆற்றில் விட்டுப் படம் எடுப்பதை ஆறு பிழைத்ததாகக் கணக்கில் எழுதுவது எனக்கு ஆறவே இல்லை.

ஓய்வுபெற்ற பொறியாளர்:

பேச்சு நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது. மனு எழுதுவதாக இருந்தால் துறைக்காரன் ‘முடியாது’ என்று ஒரே வரியில் மடக்க முடியாதபடி எழுத வேண்டும். என் யோசனைகள்:

‘மீன் ஏணி’ என்று கேட்காதீர்கள். கதவணையின் இயக்க விதிமுறையில் மீன் பருவத்துக்கென ஒரு பிரிவு கேளுங்கள். உபரி நீர் போகும் நாட்களில் எல்லா ஷட்டரையும் சமமாக அரை அடி, ஒரு அடி தூக்கினால், அடியில் பீச்சியடிக்கும் வேகத்தில் எந்த மீனும் நுழையாது. அதே அளவு தண்ணீரை, கரையோரத்து ஒன்றிரண்டு ஷட்டரை முழுசாகத் தூக்கி விடலாம். மேலும் கீழும் நீர்மட்டம் நெருங்கி வரும் பெருவெள்ளத்தில் அந்த மதகுக் கண் வழியே மீன் நீந்திப் போகும். ஒரே பக்கம் தண்ணீர் போனால் கீழ்த்தளத்தில் அரிப்பு வரும் என்று ஆட்சேபம் எழும். அது நியாயமான ஆட்சேபம்தான். ஆகவே எந்தெந்தக் கண், எத்தனை மணி நேரம் என்று மாதிரி ஆய்வு செய்து முடிவெடுக்கச் சொல்லுங்கள். பூண்டியில் நீரியல் ஆய்வு நிலையம் இருக்கிறது, இது அவர்களால் ஆகிற வேலை.

அடுத்தது வெள்ளம் வடியும்போது. ஷட்டரை ஒரேயடியாக இறக்காமல் படிப்படியாக இறக்க வேண்டும். கரையான் சொன்ன குழியில் மீன் மாட்டுவது அப்போதுதான். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

மூன்றாவது, அணைக்கட்டுக்குக் கீழே குறிப்பிட்ட தூரத்துக்கு அந்த நாட்களில் வலை போடத் தடை. அதைக் காக்கும் பொறுப்பை உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடமே கொடுக்கச் சொல்லுங்கள், நாட்களுக்கு ஊதியத்தோடு. கிளை ஓடையை இனிமேல் கட்டும் கதவணைகளுக்கு வரைபடத்திலேயே கேளுங்கள்; கட்டியதற்கு மேல் கேட்டால் செலவு பல மடங்கு.

மீன்வளம் படித்தவள்:

சார் சொன்னதோடு ஒன்று சேருங்கள்: கணக்கெடுப்பு. ஷட்டர் முறையை மாற்றும் முன்பே மேலேயும் கீழேயும் எந்த மீன் எவ்வளவு கிடைக்கிறது என்று பதிவு வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்துப் பயன் உண்டா என்று கேட்பார்கள், காட்ட எதுவும் இருக்காது. வலைக்காரர்களே தேதி, இடம், மீன், நீளம், சினை உண்டா என்று ஒரு நோட்டில் எழுதினால் போதும். படிவம் ஒன்று தயார் செய்து தருகிறேன். உல்லம் கழிமுகத்தில் எப்போதாவது கிடைத்தால் தயவுசெய்து அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள்.

டாக்காவில் திருப்பூர்க்காரன்:

தடை நாளுக்குக் கூலியை அரிசியா கேட்காதீங்க, வங்கிக் கணக்குல பணமா கேளுங்க. இங்க பட்ட அனுபவம்.

கொள்ளிடக்கரையான்:

எல்லோர் சொன்னதையும் சேர்த்து மனு ஒன்று எழுதிப் போடுகிறேன். அக்டோபர் 2 கிராமசபையில் எங்கள் ஊராட்சியில் தீர்மானமாக வைக்கலாம் என்று தலைவரிடம் பேசியிருக்கிறேன். அக்கரை ஊர்களிலும் அதே நாளில் வைத்தால் பலம்.

டெல்டா விவசாயி:

எங்க ஊராட்சியில் நான் வைக்கிறேன். ஆனா மனுவோட முதல் வரி இப்படி இருக்கணும்: ‘கோடையில் உப்பு நீர் ஏறாதபடி கதவுகள் மூடியிருக்க வேண்டும், உபரி நீர் போகும் நாட்களுக்கு மட்டும் கீழ்க்கண்டவை பொருந்தும்.’ அந்த வரி இல்லைன்னா எங்க ஆட்கள் கையெழுத்துப் போட மாட்டாங்க. அது இருந்தா நானே வீடு வீடாப் போய் வாங்கித் தர்றேன். படிப்படியா ஷட்டர் இறக்குறதையும் அழுத்தி எழுதுங்க தம்பி. சட்டுனு தண்ணி வடிஞ்சா எங்க கரையும் சரியுது.